நுரையீரல் புற்றுநோய்: எவ்வளவு வெட்டினால் போதும்?

1912 ஆம் ஆண்டில் நியூயார்க் நகரைச் சேர்ந்த ஐசக் ஆட்லர் என்ற மருத்துவர் ஒரு நூலை வெளியிட்டார். நுரையீரலில் தோன்றும் புற்றுநோயைப் பற்றி மட்டுமே கூறும் நூல் அது. உலகின் மருத்துவ ஏடுகளையெல்லாம் துருவிப் பார்த்து அவர் திரட்டிய நோயாளிகளின் எண்ணிக்கை வெறும் 374. இத்துணை அரிய நோய்க்கு ஒரு தனி நூல் தேவைதானா என்ற கேள்வியை அவரே தம் நூலில் எழுப்பிக்கொண்டார்!

ஒரு நூற்றாண்டு கடந்துவிட்டது. 2022 ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 25 இலட்சம் பேருக்கு நுரையீரல் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. ஏறத்தாழ 18 இலட்சம் பேர் அதனால் இறந்தனர். வேறு எந்தப் புற்றுநோயும் ஆண்டுதோறும் இத்தனை உயிர்களைக் கொள்வதில்லை.

இந்நோயை அறுவை மருத்துவத்தால் குணப்படுத்த முடியுமா? முடியும், ஆனால் எல்லாருக்கும் அல்ல. யாருக்கு முடியும், நுரையீரலில் எவ்வளவு பகுதியை வெட்டி எடுக்க வேண்டும் என்ற வினாக்களுக்கு விடை காண ஏறத்தாழ 90 ஆண்டுகள் ஆயின. அந்த வரலாற்றையும், அது நமக்குக் கற்பிக்கும் பாடத்தையும் இக்கட்டுரையில் காண்போம்.

மார்பைத் திறப்பதில் உள்ள இடர்

மார்புக்கூட்டினுள் இரு நுரையீரல்கள் உள்ளன. வலப்புற நுரையீரல் மூன்று மடல்களாகவும் இடப்புற நுரையீரல் இரண்டு மடல்களாகவும் பிரிந்திருக்கும். ஒவ்வொரு மடலும் மேலும் சில துண்டங்களாகப் பிரியும். ஒவ்வொரு துண்டத்திற்கும் தனி மூச்சுக்கிளையும் தனி இரத்தக்குழாயும் உண்டு. மூச்சுக்குழல் அடிமரம் என்றால் மடல்களைப் பெருங்கிளைகள் என்றும் துண்டங்களைச் சிறுகிளைகள் என்றும் கூறலாம். கிளைகளின் நுனியில் 30 கோடி முதல் 50 கோடி வரையிலான நுண்ணிய காற்றறைகள் இருக்கின்றன. உயிர்வளி இரத்தத்தில் கலப்பது இங்கேதான்.

இதயத்தையோ இரைப்பையையோ போல் நுரையீரல் தன் வடிவத்தைத் தானே காத்துக்கொள்வதில்லை. ஊதப்பட்ட பலூனைப் போல அது எப்போதும் சுருங்கவே முயல்கிறது. அதைச் சுற்றியுள்ள இரட்டை உறையின் இடைவெளியில் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடக் குறைவாக இருப்பதால்தான் அது விரிந்து நிற்கிறது. மார்புச் சுவரில் ஒரு துளை விழுந்தால் போதும். வெளிக்காற்று உள்ளே புகுந்து நுரையீரல் சுருங்கிவிடும். நோயாளி மூச்சுத் திணறுவார். எனவேதான் வயிற்றைத் திறந்து அறுவை செய்வதில் தேர்ச்சி பெற்ற 19 ஆம் நூற்றாண்டு மருத்துவர்கள்கூட மார்பைத் திறக்க அஞ்சினர்.

1904 ஆம் ஆண்டில், அக்காலத்தில் ஜெர்மனியைச் சேர்ந்திருந்த பிரெஸ்லாவ் நகரில் ஃபெர்டினாண்ட் சாவர்புருக் என்ற இளம் மருத்துவர் ஒரு விந்தையான அறையை அமைத்தார். அறைக்குள் காற்றழுத்தம் குறைக்கப்பட்டிருக்கும். நோயாளியின் உடலும் அறுவை செய்வோரும் அறைக்குள் இருப்பார்கள். நோயாளியின் தலை மட்டும் கழுத்தைச் சுற்றிய ரப்பர்ப் பட்டையின் வழியாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இப்போது மார்பைத் திறந்தாலும் நுரையீரல் சுருங்குவதில்லை.

இந்த அறை அரியதொரு கண்டுபிடிப்பே எனினும் எளிய வழி வேறு ஒன்று இருந்தது. வெளியே அழுத்தத்தைக் குறைப்பதற்குப் பதிலாக உள்ளே காற்றைச் செலுத்தினால் என்ன? 1909 ஆம் ஆண்டில் நியூயார்க்கில் மெல்ட்சர், ஆவர் என்ற இருவர் விலங்குகளின் மூச்சுக்குழலில் ஒரு குழாயைச் செருகி, அதன் வழியே காற்றைச் செலுத்தி உயிர் காக்க முடியும் எனக் காட்டினர். முதல் உலகப் போருக்குப் பின் முகம் சிதைந்த படைவீரர்களுக்கு அறுவை செய்ய வேண்டியிருந்த பிரிட்டனில் மகில், ரோபோதம் ஆகிய மயக்க மருத்துவர்கள் மூச்சுக்குழலில் குழாய் செருகும் முறையைச் செம்மைப்படுத்தினர். இன்று உலகெங்கும் கையாளப்படும் முறை இதன் வழிவந்ததே.

1933 ஏப்ரல் 5

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் வாஷிங்டன் பல்கலைக்கழக அறுவை மருத்துவப் பேராசிரியராக இருந்தவர் எவார்ட்ஸ் கிரகாம். முதல் உலகப் போரின்போது படைமுகாம்களில் நுரையீரல் அழற்சிக்குப் பின் மார்பறையில் சீழ்கட்டிப் பல வீரர்கள் இறந்தனர். சீழ் கட்டியவுடனே மார்பைத் திறந்து வடிப்பதே அப்போதைய வழக்கம். நோய் முற்றி நிற்கும் அந்த நேரத்தில் மார்பைத் திறப்பதே பலரைக் கொல்கிறது என்பதை ஆய்வால் கண்டறிந்தவர்களுள் கிரகாம் முதன்மையானவர். ஊசியால் சிறிது சிறிதாக வடித்துக் காத்திருந்து பின்னர் திறந்தபோது இறப்புகள் பெருமளவு குறைந்தன. திறந்த மார்பில் அழுத்தம் எவ்வாறு மாறுகிறது என்பதை அவரைப்போல் அறிந்தவர்கள் அக்காலத்தில் மிகச் சிலரே.

1933 இல் பிட்ஸ்பர்க் நகரிலிருந்து 48 வயதான மகப்பேறு மருத்துவர் ஒருவர் அவரிடம் நோயாளியாக வந்தார். இடப்புற நுரையீரலின் மேல்மடலுக்குச் செல்லும் மூச்சுக்கிளையில் புற்று இருப்பது திசு ஆய்வில் உறுதியாயிற்று. மேல்மடலை மட்டும் நீக்குவதே கிரகாமின் திட்டம். ஏப்ரல் 5 அன்று மார்பைத் திறந்தபோது திட்டம் பொய்த்தது. கிளைகள் பிரியும் இடத்தையொட்டியே கழலை இருந்தது. மடலை மட்டும் எடுத்தால் புற்றின் ஒரு பகுதி உள்ளேயே தங்கிவிடும். முழு நுரையீரலையும் எடுக்க வேண்டும்; இல்லையேல் மார்பை மூடிவிட வேண்டும்.

புற்றுநோய்க்காக ஒரு முழு நுரையீரலை ஒரே அமர்வில் நீக்கி அதுவரை எவரும் பிழைத்ததில்லை. உடலிலிருந்து இதயத்திற்குத் திரும்பும் இரத்தம் முழுவதும் இரு நுரையீரல்களின் வழியே சென்றாக வேண்டும். ஒன்றை நீக்கினால் அந்த இரத்தம் முழுவதையும் மற்றொன்றே தாங்க வேண்டும். கிரகாம் விலங்குகளில் இதைச் செய்து பார்த்திருந்தார். இப்போது இடப்புற நுரையீரலுக்குச் செல்லும் இரத்தக்குழாயைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்து நோயாளியின் நிலையைக் கவனித்தார். கேடு ஏதும் நேரவில்லை. நுரையீரலின் காம்பைக் கட்டி, வெட்டி, முழு நுரையீரலையும் எடுத்தார். வெற்றிடம் மூடிக்கொள்வதற்காக ஏழு விலா எலும்புகளின் பகுதிகளையும் நீக்கினார். வெட்டுமுனையில் எஞ்சியிருக்கக்கூடிய புற்றணுக்களை அழிக்க ரேடான் அடங்கிய நுண்குழல்களைப் பதித்தார்.

நோயாளி பிழைத்தார். வீடு திரும்பி மீண்டும் மருத்துவத் தொழிலையும் நடத்தினார். ஒரே நுரையீரலுடன் 30 ஆண்டுகள் வாழ்ந்து 1963 இல் வேறு காரணத்தால் இறந்தார். நுரையீரல் புற்று குணமாகக்கூடிய நோயே என்பதற்கு அவரே முதற்பெரும் சான்று.

முழுமையிலிருந்து மடலுக்கு

கிரகாம் காம்பை ஒரே கட்டாகக் கட்டினார். இதில் கட்டு நழுவினால் குருதி பெருகும் இடர் உண்டு. அதே 1933 இல் பால்டிமோர் நகரின் வில்லியம் ரீன்ஹாஃப் ஒவ்வொரு இரத்தக்குழாயையும் மூச்சுக்கிளையையும் தனித்தனியே பிரித்துக் கட்டும் முறையைக் கையாண்டார். அறுவை ஓரளவு பாதுகாப்பானதாயிற்று. 1949 இல் ஸ்வீடன் நாட்டு கார்லென்ஸ் இரட்டைக் குழாய் ஒன்றை அமைத்தார். இதனால் இரு நுரையீரல்களுக்கும் தனித்தனியே காற்றைச் செலுத்தலாம். அறுவை நடக்கும் நுரையீரலை அடக்கி வைத்துவிட்டு மற்றதை மட்டும் இயங்கச் செய்யலாம்.

அடுத்த ஏறத்தாழ 20 ஆண்டுகள் ‘புற்று என்றால் முழு நுரையீரலையும் நீக்கு’ என்பதே பொது விதியாக இருந்தது. 1951 செப்டம்பர் 23 அன்று பிரிட்டனின் மன்னர் ஆறாம் ஜார்ஜுக்கு பக்கிங்காம் அரண்மனையிலேயே ஓர் அறையை அறுவைக் கூடமாக மாற்றி இடப்புற நுரையீரலை நீக்கினர். செய்தவர் கிளெமென்ட் பிரைஸ் தாமஸ். நுரையீரலில் அமைப்பு மாற்றம் என்று மட்டுமே மக்களுக்கு அறிவிக்கப்பட்டது. புற்று என்ற சொல்லை மன்னரிடம்கூட எவரும் கூறவில்லை. 1952 பிப்ரவரியில் அவர் உறக்கத்திலேயே உயிர் நீத்தார்.

விதியின் அடிப்படை அச்சம்தான். கொஞ்சம் விட்டுவைத்தால் நோய் திரும்பிவிடுமோ என்ற அச்சம். ஆனால் முழு நுரையீரலை இழப்பதும் சிறு விலை அன்று. புகைபிடித்துப் பழகியவர்களின் எஞ்சிய நுரையீரலும் நலிந்தே இருக்கும். அதன் இரத்தக்குழாய்கள் எல்லா இரத்தத்தையும் தாங்க வேண்டியிருப்பதால் இதயமும் களைத்துப்போகும். புற்றை வென்றும் மூச்சின்றி இறப்பதில் என்ன பயன்?

பாஸ்டன் நகரின் எட்வர்ட் சர்ச்சில் 1950 இல் தம் நோயாளிகளின் பதிவுகளை வைத்து ஓர் உண்மையைக் காட்டினார். கழலை ஒரு மடலுக்குள் அடங்கியிருக்குமானால் அந்த மடலை மட்டும் நீக்கியவர்களும் முழு நுரையீரலை நீக்கியவர்களுக்குக் குறையாத காலம் வாழ்கின்றனர் என்பதே அது. 1960 இல் நியூயார்க்கின் வில்லியம் கேஹன், மடலுடன் அதன் நிணநீர் வடியும் கணுக்களையும் சேர்த்து நீக்கும் முறையை வகுத்தளித்தார். அதன்பின் மடல் நீக்கமே பொது விதியாயிற்று.

காரணத்தைத் தேடிய அறுவை மருத்துவர்

இதற்கிடையே கிரகாமின் வாழ்வில் மற்றொரு திருப்பம் நேர்ந்தது. நுரையீரல் புற்றின் பெருக்கத்திற்கு சிகரெட்டே காரணமாகலாம் என்று நியூ ஆர்லியன்ஸ் நகரின் ஆல்டன் ஆக்ஸ்னர் முதலியோர் கூறிவந்தனர். கிரகாம் இதை ஏற்கவில்லை. அவரே பெரும் புகைபிடிப்பாளர். சிகரெட் விற்பனை பெருகியதைப்போலவே நைலான் காலுறை விற்பனையும்தான் பெருகியிருக்கிறது என்று அவர் நகையாடியதுண்டு. இரண்டு சேர்ந்து வளர்வதால் மட்டும் ஒன்று மற்றதற்குக் காரணமாகிவிடாது என்பது அவர் வாதம். அறிவியல் முறைப்படி அது சரியான எதிர்வாதமே.

அவரிடம் பயின்ற எர்ன்ஸ்ட் விண்டர் என்ற மாணவர் இதை ஆராய அனுமதி கேட்டார். கிரகாம் மறுக்கவில்லை. விண்டர் நோயாளிகளை ஒருவர் ஒருவராக நேரில் வினவினார். அவர்களின் புகைப்பழக்கத்தைப் புற்று இல்லாத பிற நோயாளிகளின் பழக்கத்துடன் ஒப்பிட்டார். 684 நோயாளிகளைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை 1950 மே மாதத்தில் இருவர் பெயரிலும் வெளிவந்தது. நுரையீரல் புற்றுள்ள ஆண்களில் 605 பேரை எடுத்துக்கொண்டால் 96.5 விழுக்காட்டினர் பல்லாண்டுகள் மிதமாகவோ மிகுதியாகவோ புகைத்தவர்கள். புற்றில்லாத ஆண் நோயாளிகளில் இந்த அளவு 73.7 விழுக்காடு. அதே ஆண்டு செப்டம்பரில் பிரிட்டனின் ரிச்சர்ட் டால், பிராட்ஃபோர்ட் ஹில் இருவரும் இலண்டன் மருத்துவமனைகளில் செய்த ஆய்வும் இதே முடிவைத் தந்தது.

1953 இல் விண்டர், கிரகாம், குரோனிங்கர் மூவரும் சிகரெட் புகையிலிருந்து பிரித்த தாரை எலிகளின் தோலில் தடவினர். 44 விழுக்காடு எலிகளுக்குப் புற்று தோன்றியது. கிரகாமின் எதிர்வாதத்திற்கு அவருடைய ஆய்வுக்கூடமே விடையளித்துவிட்டது. அவர் புகைப்பதையும் நிறுத்தியிருந்தார். ஆனால் பல்லாண்டுப் பழக்கம் அதற்குள் தன் வேலையைச் செய்துவிட்டிருந்தது. 1957 இன் தொடக்கத்தில் அவருக்கும் அதே நோய் கண்டறியப்பட்டது. இரு நுரையீரல்களிலும் பரவிவிட்டதால் அவர் உலகிற்கு அளித்த அறுவை அவருக்குப் பயன்படவில்லை. மார்ச் 4 அன்று அவர் இறந்தார். 1933 இல் அவர் காப்பாற்றிய நோயாளி அப்போதும் உயிருடன் இருந்தார்.

கத்தி எட்டாத இடம்

ஒருவர் பிழைக்க, மற்றொருவர் இறந்தது ஏன்? விடை கத்தியில் இல்லை. நோய் கண்டறியப்பட்ட காலத்தில் இருக்கிறது.

ஓர் உயிரணு இரண்டாகி, இரண்டு நான்காகி, நான்கு எட்டாகிப் பெருகுவதாகக் கொள்வோம். 30 முறை இரட்டித்தால் ஏறத்தாழ 100 கோடி அணுக்கள் சேரும். அது ஒரு செ.மீ. குறுக்களவுள்ள கழலை. இன்னும் 10 முறை இரட்டித்தால் ஒரு கிலோ எடையாகிவிடும். அந்த நிலையை உடல் தாங்காது. அதாவது ஒரு செ.மீ. அளவில் ‘ஆரம்ப நிலை’ என்று நாம் மகிழும் கழலை தன் பயணத்தில் முக்கால் பங்கைக் கடந்துவிட்டது.

இத்தனை காலமும் நோயாளிக்குத் தெரியாமல் இருப்பது எப்படி? நுரையீரல் திசுவில் வலியுணரும் நரம்புகள் இல்லை. வலி மார்புச் சுவரை ஒட்டிய வெளியுறையில்தான் தோன்றும். மேலும் நுரையீரலில் இயற்கை ஏராளமான காற்றறைகளை உபரியாக வைத்திருப்பதால் சிறு பகுதி பழுதடைந்தாலும் மூச்சில் குறை தெரிவதில்லை. புகைப்பவருக்கோ இருமல் பழகிப்போன ஒன்று.

கழலையிலிருந்து உதிரும் அணுக்கள் முதலில் அருகிலுள்ள நிணநீர்க் கணுக்களையும், பின்னர் இரு நுரையீரல்களுக்கும் இடைப்பட்ட பகுதியிலுள்ள கணுக்களையும், இரத்தத்தின் வழியே மூளை, எலும்பு, கல்லீரல் ஆகியவற்றையும் சென்றடைகின்றன. மூளையை எட்டிவிட்ட புற்றுக்கு நுரையீரலை வெட்டிப் பயனில்லை. எனவே அறுவைக்கு முன் நோயின் படிநிலையை அறிவது இன்றியமையாதது. 1959 இல் கார்லென்ஸ் கழுத்தின் அடியில் சிறு துளையிட்டு இடைப்பகுதிக் கணுக்களை நேரில் கண்டு திசு எடுக்கும் முறையை விளக்கினார். தேவையற்ற அறுவையிலிருந்து பலரைக் காத்த முறை இது. இன்று சி.டி. படம், பெட் படம், மூச்சுக்குழலின் உள்ளிருந்தே கேளா ஒலியால் கணுவைக் கண்டு ஊசியால் திசு எடுத்தல் முதலிய முறைகள் வந்துள்ளன.

புற்றின் வகையும் முக்கியமானது. ஏறத்தாழ 15 விழுக்காடு சிற்றணுப் புற்று. இது மிக விரைவில் பரவுவதால் இதற்குப் பெரும்பாலும் மருந்தும் கதிர்வீச்சுமே சிகிச்சை. மற்ற வகைகளில் தொடக்கப் படிநிலைகளில் உள்ளவர்களுக்கே அறுவை பெரும் பயன் தரும்.

முன்னதாகக் காண்பது எப்படி?

நோய்க்குறி தோன்றும் முன்பே எக்ஸ் கதிர்ப் படம் எடுத்துப் பார்த்தால் என்ன? 1970களில் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனை 9,000க்கு மேற்பட்ட ஆண் புகைபிடிப்பாளர்களிடம் இதைச் சோதித்தது. அடிக்கடி படம் எடுக்கப்பட்ட குழுவில் கூடுதலான கழலைகள் கண்டறியப்பட்டன. அவர்கள் நோய் தெரிந்தபின் கூடுதல் காலம் வாழ்ந்ததாகவும் தோன்றியது. ஆனால் இரு குழுக்களிலும் நுரையீரல் புற்றால் இறந்தவர்களைக் கணக்கிட்டபோது இறப்பு குறையவே இல்லை!

இதில் ஒரு நுட்பம் உள்ளது. ஒரு புகைவண்டி இரவு 8 மணிக்கு நம் ஊரை அடையும் எனக் கொள்வோம். அது வருவதை 7 மணிக்கே அறிந்துகொண்டாலும் 7.45க்கு அறிந்துகொண்டாலும் வண்டி வந்து சேரும் நேரம் மாறுவதில்லை; காத்திருக்கும் நேரம் மட்டுமே நீள்கிறது. முன்னதாகக் கண்டறிவது உண்மையில் உயிர் காக்கிறதா என்பதை அறிய, கண்டபின் வாழ்ந்த ஆண்டுகளை எண்ணினால் போதாது. இறப்புகளை எண்ண வேண்டும்.

அமெரிக்காவில் 53,454 பேரைக் கொண்டு நடந்த பேராய்வின் முடிவு 2011 இல் வெளிவந்தது. 55 முதல் 74 வயது வரையுள்ள, நெடுங்காலம் புகைத்தவர்களைக் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்தனர். ஒரு குழுவுக்குக் குறைந்த கதிர் அளவிலான சி.டி. படமும் மற்றதற்கு எக்ஸ் கதிர்ப் படமும் ஆண்டுக்கொரு முறையாக மூன்று முறை எடுக்கப்பட்டன. சி.டி. குழுவில் நுரையீரல் புற்றால் நேர்ந்த இறப்பு 20 விழுக்காடு குறைந்தது. இம்முறை வண்டியையே நிறுத்த முடிந்தது.

எனினும் மறுபக்கத்தையும் கூற வேண்டும். சி.டி. படங்களில் 24 விழுக்காட்டில் ஐயத்திற்கிடமான புள்ளிகள் தென்பட்டன. அவற்றில் 100க்கு 96 புற்று அல்ல. பழைய தழும்புகளும் பிற தீங்கற்ற முடிச்சுகளுமே. ஆகவே இச்சோதனை எல்லாருக்கும் உரியதன்று. நீண்ட காலம் மிகுதியாகப் புகைத்த, குறிப்பிட்ட வயதினருக்கே மருத்துவர்கள் இதைப் பரிந்துரைக்கின்றனர்.

மடலிலிருந்து துண்டத்திற்கு

கண்டறியப்படும் கழலைகள் சிறியனவாக ஆக, பழைய வினா மீண்டும் எழுந்தது. இரண்டு செ.மீ. கூட இல்லாத கழலைக்கு ஒரு மடலையே இழக்க வேண்டுமா?

1995 இல் வெளிவந்த வட அமெரிக்க ஆய்வு ‘ஆம்’ என்றது. 3 செ.மீ. வரையுள்ள கழலை கொண்ட 247 பேரை ஒப்பிட்டதில் சிறு பகுதியை மட்டும் நீக்கியவர்களுக்கு அதே இடத்தில் நோய் திரும்புவது மூன்று மடங்காக இருந்தது. அதனால் மடல் நீக்கமே தொடர்ந்தது. ஆனால் அது இன்றைய நுட்பமான சி.டி. படங்கள் பரவும் முன் தொடங்கிய ஆய்வு.

ஜப்பானிய மருத்துவர்கள் 2 செ.மீ.க்கு மேற்படாத, நுரையீரலின் வெளிப்பகுதியில் அமைந்த கழலை கொண்ட 1,106 பேரிடம் மீண்டும் சோதித்தனர். முடிவு 2022 இல் வெளிவந்தது. 5 ஆண்டுகளுக்குப் பின் உயிருடன் இருந்தவர்கள், மடல் நீக்கியவர்களில் 91.1 விழுக்காடு, துண்டம் மட்டும் நீக்கியவர்களில் 94.3 விழுக்காடு. துண்ட நீக்கத்தில் அதே பகுதியில் நோய் திரும்புவது ஏறத்தாழ இரு மடங்காக இருந்தும் மொத்தத்தில் அவர்களே கூடுதலாகப் பிழைத்தனர் என்பது வியப்பளிக்கலாம். மடல் நீக்கியவர்களில் பிற நோய்களால் இறந்தோர் மிகுதி. எஞ்சிய நுரையீரல் வீணாக எஞ்சியதன்று. பின்னர் வரும் நோய்களைத் தாங்க அது கைகொடுக்கிறது.

697 பேரைக் கொண்ட மற்றோர் ஆய்வு 2023 இல் அமெரிக்காவிலிருந்து வெளியாயிற்று. அதிலும் 2 செ.மீ. வரையுள்ள, கணுக்களுக்குப் பரவாத கழலைகளுக்குச் சிறு அறுவை மடல் நீக்கத்திற்குக் குறைந்ததன்று எனத் தெரியவந்தது. பெரிய கழலைகளுக்கும் நடுப்பகுதியில் அமைந்தவற்றுக்கும் மடல் நீக்கம் இன்றும் தேவைப்படுகிறது. மிகச் சிலருக்கு 1933 இல் நடந்ததைப்போல் முழு நுரையீரலையே எடுக்க வேண்டியும் வரும்.

மார்பைத் திறக்கும் முறையும் மாறியுள்ளது. 1990களின் தொடக்கத்திலிருந்து சிறு துளைகள் வழியே நிழற்படக் கருவியையும் கருவிகளையும் செலுத்தி மடலை நீக்கும் முறை பரவிற்று. விலா எலும்புகளை அகற்றவோ விரிக்கவோ தேவையில்லாததால் வலி குறைவு. நோயாளி விரைவில் எழுந்து நடமாடுகிறார்.

கத்திக்குத் துணையாக மருந்து

கழலையை முற்றிலும் நீக்கியபின்னும் கண்ணுக்குத் தெரியாத அணுக்கள் எங்கேனும் தங்கியிருக்கலாம். சில நுரையீரல் புற்றுகளில் ஒரு குறிப்பிட்ட மரபணு மாற்றம் இருப்பது 2004 இல் கண்டறியப்பட்டது. இம்மாற்றம் உள்ளவர்களுக்கு அறுவைக்குப் பின் அதைக் குறிவைக்கும் ஒசிமெர்டினிப் என்ற மருந்தைத் தந்தபோது 5 ஆண்டுகளில் பிழைத்திருந்தோர் 78 விழுக்காட்டிலிருந்து 88 விழுக்காடாக உயர்ந்தனர் என 2023 இல் ஓர் ஆய்வு அறிவித்தது.

மற்றொரு வழி, அறுவைக்கு முன்பே மருந்து தருவது. உடலின் எதிர்ப்பாற்றலைத் தட்டியெழுப்பும் நிவோலுமாப் என்ற மருந்தை வழக்கமான புற்று மருந்துகளுடன் சேர்த்துத் தந்துவிட்டுப் பின் அறுவை செய்தனர். 2022 இல் வெளிவந்த அந்த ஆய்வில், வெட்டியெடுத்த பகுதியில் உயிருள்ள புற்றணு ஒன்றுகூட இல்லாதவர்கள் 24 விழுக்காடு. வழக்கமான மருந்தை மட்டும் பெற்றவர்களில் இது 2.2 விழுக்காடே.

நாம் செய்யக்கூடியது

இவையெல்லாம் பெரிய மருத்துவமனைகளின் வேலை. ஆனால் முதல் படி நோயாளியின் கையிலும் குடும்பத்தார் கையிலும் இருக்கிறது. மூன்று வாரங்களுக்கு மேல் நீடிக்கும் இருமல், சளியில் இரத்தம், மூச்சிரைப்பு, மார்பு வலி, குரல் கம்முதல், காரணமின்றி உடல் இளைத்தல் ஆகியவை கண்டால் தாமதியாமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும். இதே குறிகள் காசநோய்க்கும் உரியவை. காசநோய் மிகுந்த நம் நாட்டில் படத்தில் தெரியும் நிழலைக் காசநோய் என்றே கருதி மருந்து உண்டு, அரிய மாதங்களை இழப்போர் உண்டு. சளியில் காசநோய்க் கிருமி காணப்படாமலும், மருந்துக்கு நிழல் மறையாமலும் இருந்தால் திசு ஆய்வு செய்யலாமா என்று மருத்துவரிடம் தயங்காமல் கேட்கலாம்.

புகைக்காதவர்களுக்கும் இந்நோய் வரும் என்பதை மறக்கலாகாது. பிறர் விடும் புகை, கல்நார்த் தூசு, ரேடான் வளிமம், மாசுற்ற காற்று, அடுப்புப் புகை ஆகியவையும் காரணங்களே. சீனாவின் சுவான்வெய் பகுதியில் புகைக்கும் வழக்கமே இல்லாத பெண்களிடையே நுரையீரல் புற்று மிகுந்திருந்தது. வீட்டுக்குள் புகைபோக்கியின்றி எரித்த நிலக்கரியே காரணம் என்று தெரியவந்தது. புகைபோக்கி அமைத்த வீடுகளில் நோய் குறைந்தது.

புகைப்பவர்களைப் பொறுத்தவரை, டால் 1951 இல் தொடங்கிய ஆய்வு நல்ல செய்தி ஒன்றையும் தருகிறது. பிரிட்டனின் 34,439 ஆண் மருத்துவர்களை 50 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்ததில், புகைத்தவர்கள் சராசரியாகப் பத்து ஆண்டுகள் முன்னதாக இறந்தனர். ஆனால் 60 வயதில் விட்டவர்கள் மூன்று ஆண்டுகளையும், 50 இல் விட்டவர்கள் ஆறு ஆண்டுகளையும், 40 இல் விட்டவர்கள் ஒன்பது ஆண்டுகளையும், 30 இல் விட்டவர்கள் ஏறத்தாழ பத்து ஆண்டுகளையும் மீட்டுக்கொண்டனர். பீடியானாலும் சிகரெட்டானாலும் விடுவதற்குக் காலம் கடந்துவிட்டது என்று எந்த வயதிலும் சொல்வதற்கில்லை.

எவ்வளவு வெட்டினால் போதும் என்ற வினாவுக்கு 1933 இல் ‘முழு நுரையீரல்’ என்று விடை கூறினர். 1960இல் ‘ஒரு மடல்’ என்றனர். 2022 முதல், தக்க நோயாளிக்கு ‘ஒரு துண்டம் போதும்’ என்கின்றனர். கத்தி சிறுத்ததற்கு அறுவை மருத்துவரின் கைத்திறன் மட்டும் காரணமன்று; நோயைச் சிறிதாக இருக்கும்போதே காண முடிந்ததுதான் பெருங்காரணம். மருத்துவமனைக்கு நாம் ஆறு மாதம் முன்னதாகச் சென்றால் அந்தக் கத்தி இன்னும் சிறுக்கும். புகையை விட்டுவிட்டால் பலருக்கு அது தேவையே இல்லாமல் போகும்.